வளையலைக் கழற்றச் சொல்லும் முன்

ஸ்கேன் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் உட்காருங்கள். இந்த வேலையில் உங்களை உட்காரச் சொல்லும் கடைசி ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். வாத்தியார் என்னை அனுப்பினாரா, நானே வந்துவிட்டேனா என்பதில் எங்களுக்குள் இன்னும் தகராறு இருக்கிறது. பிறகு ஆஸ்பத்திரியில் அட்டென்டனாகச் சேர்ந்தேன். துடைக்கும் வேலையில் தொடங்கி, கடைசிக் காலத்தில் அந்தக் காந்த மெஷின் இருக்கும் அறையின் வாசலுக்கு வந்து சேர்ந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பென்ஷன் வேண்டும்.

மெஷினைப் பற்றி உங்களுக்கு டெக்னீஷியன் சொல்லித் தருவார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அது ஒரு பெரிய குழாய். கர்ப்பிணிப் பெண்ணைப் படுக்க வைத்து உள்ளே தள்ளினால், லயத்து வரிசை வீடுகளின் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை கொட்டுகிற மாதிரி சத்தம் போடும். வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளையைப் படம் எடுக்கும். சாதாரண ஸ்கேனில் சந்தேகம் வந்தவர்களைத்தான் அங்கே அனுப்புவார்கள். மூளை சரியாக வளர்கிறதா, மடிப்பு விழ வேண்டிய நேரத்தில் விழுந்திருக்கிறதா, உள்ளே நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் பெரிய டொக்டர் அம்மா, வளர்ச்சி கோணிப்போன மூளைகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சியும் நடத்திக்கொண்டிருந்தார். அதனால் தோட்டங்களிலிருந்து வந்த தாய்மார் பலர் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனார்கள்.

பிள்ளை உள்ளே புரண்டால் படம் கலங்கிவிடும். "அப்பன் மாதிரியே ஒரு எடத்துல இருக்க மாட்டேங்குது பாரு" என்று நான் சொல்வேன். தாய் சிரிப்பாள். சிரித்தால் வயிறு குலுங்கும். டெக்னீஷியன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னைத் திட்டுவார். நான் அவருடைய அப்பாவைப் பற்றிக் கேட்பேன். அப்படித்தான் எங்கள் பொழுது போனது.

ஆனால் நான் இன்று சிரிக்க வைக்க வரவில்லை. எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் ஆறவில்லை. அதை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறேன்.

நான் அந்த வாசலுக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு மூத்த மிஸ்ஸி எனக்கு ஒன்று சொன்னார். நர்ஸம்மாக்களை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம், தெரியும்தானே. என்னைத் தாய்மார்கள் பாட்டி முறையில் அம்மாயி என்பார்கள். மெஷினுக்குள் போகும் முன் தோடு, தாலி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றி ஒரு தட்டில் வைப்போம். "எல்லாரும் தட்டைப் பாக்குறாங்க. நீ அதைக் கழட்டுன ஆளைப் பாரு" என்றார் அவர். அவர் அதிகம் பேச மாட்டார். அதைத் தவிர அவர் எனக்குச் சொல்லித் தந்ததெல்லாம் தேத்தண்ணீரில் சீனி குறைப்பதுதான்.

இனி கௌரியின் கதை.

கௌரி பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். தலைப் பிள்ளை. புருஷன் கொழும்பில் துணிக்கடையில் வேலை. அவள் எங்கள் வாசலுக்கு வந்தபோது இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். சிவப்பு, பச்சை, தங்கப் பொட்டு வைத்த நீலம்.

"என்னாடி இது, வளையல் கடைய கையிலேயே வச்சுருக்கியா?"

"முந்தாநேத்துதான் போட்டாங்க அம்மாயி. பொறக்குற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு மாமியார் சொல்லிருக்காங்க."

"அப்ப ஒன் மாமியாரயே உள்ள படுக்கச் சொல்லு. எனக்கும் பாக்க ஆச."

சிரித்தாள். பொட்டு வைத்த வளையலில் என்ன உலோகம் கலந்திருக்கிறதோ என்று டெக்னீஷியனுக்குப் பயம். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்றார். சவர்க்கார நுரை போட்டு, ஒன்றுகூட உடையாமல், ஒவ்வொன்றாக இறக்கினேன். அந்த நேரம் எங்கள் தமிழ் டொக்டரும் பக்கத்தில்தான் நின்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹட்டன் பக்கத்து லயத்தில் பிறந்து டொக்டரான பிள்ளை. அவருடைய அம்மா கொழுந்து பறித்துப் படிக்க வைத்தார். அவர் வந்த நாளில் நாங்கள் எல்லாரும் எங்கள் வயிற்றில் பிறந்தவர் மாதிரி பார்த்தோம். இனிமேல் நம் ஆட்கள் சொல்வது அந்தப் பக்கம் போய்ச் சேரும், அந்தப் பக்கம் சொல்வது நம் ஆட்களுக்குப் புரியும் என்று நினைத்தோம்.

வளையலை இறக்கிக்கொண்டே கௌரியிடம் கேட்டேன். "வளையல் போட்டாச்சு. எப்ப பயணம்?"

"ஞாயித்துக்கெழம அம்மாயி. எங்கம்மா வீட்டுக்கு. வட்டவளப் பக்கம்."

டொக்டர் தலையை நிமிர்த்தி, "அம்மா வீடா? நல்லா சாப்பிட்டு ரெஸ்ட் எடுங்க" என்றார். ஆகவே அவர் காதில் விழுந்தது. இதை மறக்காதீர்கள்.

மெஷினிலிருந்து வெளியே வந்ததும் கௌரி அவரிடம் கேட்டாள். "புள்ள எப்புடி இருக்குங்க டொக்டர்?"

"படத்தைப் பெரிய டொக்டர் பார்க்கணும். ஏதும் இருந்தா கூப்பிடுவோம்."

பிள்ளைகளே, இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் வாயில் நான் என்றைக்காவது கேட்டால், அந்த வாயில் சவர்க்காரம் போடுவேன். ஏதும் இருந்தால் கூப்பிடுவோம் என்று சொன்னால் லயத்தில் அதற்கு என்ன அர்த்தம்? கூப்பிடவில்லை என்றால் ஒன்றும் இல்லை. அவள் கும்பிட்டுவிட்டு, வளையலை மறுபடி மாட்டிக்கொண்டு, அது சலசலக்கப் போனாள்.

அடுத்த தடவை பெரிய டொக்டர் அம்மாவின் கிளினிக் நடந்தபோது நான் தள்ளுவண்டியோடு உள்ளே போனேன். அவர் சிங்களத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பெண்களோடு சந்தையில் சண்டை பிடித்துப் படித்த சிங்களம்.

"அந்தப் பெண் எங்கே? பிள்ளையின் மூளைக்குள் நீர் ஏறிக்கொண்டிருக்கிறது. தலை பெரிதாகிறது. இங்கே, சத்திரசிகிச்சை டொக்டர் இருக்கும் இடத்தில்தான் பிறக்க வேண்டும். சின்ன ஆஸ்பத்திரியில் வலி வந்தால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். நான் வரச் சொல்லி எவ்வளவு நாளாச்சு?"

தமிழ் டொக்டர் சொன்னார். அவள் கொடுத்திருந்த புருஷன் நம்பருக்குப் போன் அடித்தார்களாம், ஓஃப் ஆகிக் கிடந்ததாம். தோட்டத்து மிட்வைஃப் பொகவந்தலாவை லயத்துக்குப் போய்ப் பார்த்தாராம், வீடு பூட்டு. அப்புறம் தோளைக் குலுக்கிவிட்டு, அழகான சிங்களத்தில் முடித்தார்.

"இந்தத் தோட்டத்து ஆட்கள் இப்படித்தான் மேடம். அக்கறையில்லை. சொன்னாலும் வர மாட்டார்கள்."

வண்டியை அங்கேயே விட்டேன். நல்ல வேளை, அதில் ஆள் இல்லை.

"டொக்டர் தம்பி, ஒங்க அக்காவுக்கு வளையல் போட்டு எங்க அனுப்புனீங்க?"

அவர் முகம் மாறியது. "அம்மாயி, இப்ப வேணாம்."

"இப்பதான் வேணும். கொழும்புக்கா அனுப்புனீங்க? மாமியார் வீட்டுலயே வச்சு சுவத்துல பூட்டுனீங்களா? தலப் புள்ளைக்குப் பொண்ணு எங்க போகும்னு ஒங்களுக்குத் தெரியாது? அவ ஒங்க முன்னாடிதான் சொன்னா. நல்லா சாப்புடுங்கன்னு சொன்னீங்களே!"

"இவர் என்ன சொல்கிறார்?" என்று பெரிய டொக்டர் கேட்டார்.

"அந்தப் பெண்ணுடைய இடம் தெரியும் என்கிறார் மேடம்."

அவ்வளவுதான் மொழிபெயர்த்தார். என் பேச்சில் பாதியை விழுங்கிவிட்டார். நான் அவரை விலக்கிவிட்டு, சந்தைச் சிங்களத்தில் நானே சொன்னேன். வளையல் போட்டால் பெண் தாய் வீட்டுக்குப் போவாள், அவள் வட்டவளையில் இருக்கிறாள், மாமியார் பகலில் கொழுந்து மலையில் இருப்பாள், அதனால் வீடு பூட்டித்தான் இருக்கும், புருஷனின் போனைக் கடை முதலாளி காலையில் வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார் என்று எல்லாம் சொன்னேன். "ஆபீஸ் நேரத்தில் அடித்தால் அந்த மேசைதான் பேசும்" என்றேன். இதெல்லாம் பெரிய இரகசியமா? அந்த அறையில் இருந்த தமிழ் மிஸ்ஸிக்குத் தெரியும், வாசலில் நின்ற கர்ப்பிணிகளுக்குத் தெரியும், பஸ் கண்டக்டருக்குத் தெரியும். டொக்டருக்கு எல்லாரையும் விட நன்றாகத் தெரியும். தெரியாதவருக்கு முன்னால் தெரியாதவர் மாதிரி நின்றார். அதுதான் என் வயிற்றை எரித்தது.

பெரிய டொக்டர் அம்மா அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அவர் தலை குனிந்தார். "போங்கள். கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று எங்கள் இருவரையும் அனுப்பினார் அந்த அம்மா.

தமிழ் டொக்டரின் புதுக் காரில் போனோம். ஹட்டனைத் தாண்டும் வரை இருவரும் பேசவில்லை. எனக்குப் பேசாமல் இருப்பது வாய்க்கட்டு மாதிரி.

"தம்பி, காரு நல்லாருக்கு. யாரோ ஒரு அக்கறையில்லாத தோட்டத்துப் பொம்பள பெத்த புள்ள ஓட்டுற காரு."

"போதும் அம்மாயி."

"எனக்குப் போதல."

வட்டவளையில் ரெண்டு தோட்டத்தில் விசாரித்து, மூன்றாவதில் லயத்தைக் கண்டுபிடித்தோம். கார் சத்தத்துக்கு லயமே வெளியே வந்துவிட்டது. கௌரி வாசலில் உட்கார்ந்து ஈரப்பலாக்காய் நறுக்கக் கத்தியில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். வளையல் சலசலத்தது.

"அம்மாயி! என்னா இந்தப் பக்கம்? எங்கப்பாகிட்ட ஒங்களப் பத்திதான் சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தேன். ஆஸ்பத்திரில ஒன்னும் இல்லன்னுட்டாங்கன்னு சாமிக்குப் பொங்கல்கூட வச்சாச்சு."

அவள் கையைப் பிடித்துத் திரும்ப உட்கார வைத்தேன்.

டொக்டர் நேராக அவளுடைய அப்பாவிடம் போனார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐயா, சிசுவின் மூளை அறைகளில் திரவம்…" என்று தொடங்கினார்.

"தம்பி, வயிறு அவருக்கா இருக்கு?" என்றேன்.

கூட்டம் சிரித்தது. கௌரி சிரிக்கவில்லை. எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"கூப்புடலன்னா ஒன்னும் இல்லன்னுதானே டொக்டர் சொன்னீங்க?"

"நான் அப்பிடிச் சொல்லல…" என்றவர் நிறுத்தினார். "இல்ல. நான் சொன்னது அப்பிடித்தான்."

"எம்புள்ளைக்கு மூள இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் படியில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிப் பேச்சு அவர் வாயிலிருந்து போய்விட்டது. லயத்துப் பிள்ளையின் பேச்சு வந்தது.

"இருக்கும்மா. உள்ள தண்ணி ஓடுற வழி ஒன்னு அடச்சுக்கிட்டு இருக்கு. மலையில கான் அடச்சா தண்ணி தேங்குமே, அந்த மாதிரி. தேங்கித் தேங்கி தல பெருசாவுது."

அப்பா ஆயுசெல்லாம் தேயிலை மலையில் தண்ணீர் ஓடக் கான் வெட்டியவர். "அப்ப வெட்டி விடணும்" என்றார்.

"ஆமாங்க. பொறந்த பொறகு சின்னக் கொழா ஒன்னு வச்சு வழி பண்ணணும். அதுக்கான டொக்டர் அங்கதான் இருக்காரு. இங்கன பக்கத்துல பொறந்தா ரெண்டு பேருக்கும் ஆபத்து."

"கொழா வச்சா சரியாயிருமா?" என்றாள் கௌரி.

"தெரியாது. சில புள்ளைங்க நல்லா வருவாங்க. சிலதுக்கு நடக்க, பேச நாளாகும். பொய் சொல்ல மாட்டேன்."

அந்த நேரம் பார்த்துக் கௌரியின் அம்மா கொழுந்துக் கூடையோடு வந்து சேர்ந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வந்தவர் மகளைக் கட்டிக்கொண்டு முதலில் அழுதார், பிறகு மறுத்தார்.

"தலப் பிரசவம் நாங்க பாக்கணும். மாப்பிள்ள வீட்டுல கேக்காம எப்புடி அனுப்புறது? சம்பந்தியம்மாவுக்கு இது தெரிஞ்சா எங்க பக்கத்துக் கோளாறுன்னு தோட்டம் பூரா சொல்லும். மொதல்ல மாப்பிள்ள வரட்டும். ரெண்டு நாள் பொறுத்துப் பேசுவோம்."

அந்தத் தாய் சொன்னதில் தப்பில்லை. பிள்ளை கோணிப்போனால் எந்தப் பெண்ணைப் பிடித்து உலுக்குவார்கள் என்று அவருக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தேன். கௌரி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். வாழ்க்கையில் என்னை நிறுத்தியவர்கள் குறைவு.

"யார்கிட்டயும் கேக்கப் போறதில்லம்மா. அவருக்கு நான் சொல்லிக்கிறேன்." பிறகு டொக்டர் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கே சொல்லிருந்தா நான் அங்கேயே இருந்திருப்பேனே. நீங்க எனக்குப் பயந்தீங்களா, இல்ல எனக்கு விளங்காதுன்னு நெனச்சீங்களா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. உள்ளே போய் உடுப்பு மாற்றிக்கொண்டு, காரில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். டொக்டரின் பை அந்த சீட்டில் இருந்தது. அவர் வந்து ஓட்ட உட்கார்ந்ததும் அதை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அம்மா ஒரு நிமிஷம் கூடையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கூடையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு என்னோடு பின்னால் ஏறினார்.

வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். பெண் பிள்ளை. தலையில் குழாய் வைத்தார்கள். பிழைத்தது. நடக்க நாளானது, பேச்சு இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கும். கைக்கு நல்ல பலம். மாமியார் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார்தான். கௌரி ஒரு காதால்கூட வாங்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் என் கோபம் ஆறியிருக்கும்.

பிள்ளை பிறந்த பிறகு பெரிய டொக்டர் அம்மா எங்களைக் கூப்பிட்டார். தமிழ் டொக்டர், மிஸ்ஸி, நான். "இந்தப் பெண்ணுக்கு முன்னால் எத்தனை பேரை வரவில்லை என்று விட்டோம்? அவர்களெல்லாம் எங்கே போனார்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை யாரும் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

தேடிப் போனோம். டொக்டர்தான் கார் ஓட்டினார், லீவு நாளிலெல்லாம். அதை நான் மறைக்க மாட்டேன். சில பிள்ளைகள் நன்றாக இருந்தன. சில பேரை எங்கு தேடியும் கிடைக்கவில்லை. நானுஓயாப் பக்கம் ஒரு லயத்தில் ஒருத்தி எங்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாள். மெலிந்த கை, வளையல் இல்லை. வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் செடி ஓரத்தில் சின்ன மண்மேடு, அதைச் சுற்றிக் கல் வைத்திருந்தாள். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், வலி நீண்டுபோயிருக்கிறது, தலை இறங்கவில்லை. அவளுக்கு என்மேல் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"நீங்க கூப்புடலையே அம்மாயி" என்றாள். "அதான் புள்ளைக்கு ஒன்னும் இல்லன்னு நிம்மதியா இருந்துட்டேன்."

வரவில்லை என்று நாங்கள் விட்ட அந்த நாட்களில் அவளும் தாய் வீட்டில்தான் இருந்தாள்.

டொக்டர் தேத்தண்ணீரைக் குடிக்க முடியாமல் கையிலேயே வைத்திருந்தார். நான் அவரைச் சீண்டவில்லை. என் வாழ்நாளில் அந்த ஒரு பயணத்தில்தான் நான் வழி நெடுக வாய் திறக்காமல் வந்தேன்.

இப்போது சொல்லுங்கள் பிள்ளைகளே, நாளைக்கு ஒருத்தி கை நிறைய வளையலோடு உங்கள் முன் நிற்பாள். டெக்னீஷியன் கழற்று என்பார். கழற்றுங்கள், சவர்க்கார நுரை போட்டு, உடையாமல். கழற்றும்போதே எந்த வீட்டுக்குப் போகிறாய் என்று கேளுங்கள். யார் போன் பகலில் பேசும் என்று கேளுங்கள். டொக்டர் பக்கத்தில் இருந்தால் அவர் காதில் விழும்படி கேளுங்கள். விழுந்த பிறகும் அவர் தெரியாதவர் மாதிரி நின்றால், தள்ளுவண்டியை அங்கேயே விடுங்கள். ஆள் இல்லாத வண்டியாகப் பார்த்து விடுங்கள், அவ்வளவுதான்.

அப்படியெல்லாம் பேசினால் வேலை போய்விடாதா என்று அந்த மூலையில் ஒருத்தி முகத்தைச் சுளிக்கிறாள். போகலாம்டி. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் நானுஓயாவில் வளையல் இல்லாத அந்தக் கையால் நான் ஒரு கோப்பை தேத்தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். என்னை நன்றாக உபசரித்தாள். நீ போய் ஒரு தடவை குடித்துப் பார், அப்புறம் வந்து வேலையைப் பற்றிப் பேசு.